வரி நோட்டில் உன் பேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம்.

நேற்று நீ அழுதுகொண்டே போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பம்பாயில் நம் ஊர்ச் சங்கக் கூட்டத்தில், நம்மூர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கான வரியை நீ நீட்ட, "பொம்பளைப் பிள்ளைக்கு ஏது தலைக்கட்டு, வேணும்னா நன்கொடை ரசீது போடுறோம்" என்றார்களாம். வரி கட்டும் குடும்பத் தலை ஆம்பளைதானாம். இனி அந்தச் சங்கமே வேண்டாம் என்கிறாய். அப்படிச் சொல்லாதே தாயி.

உன் தாத்தா பம்பாய்த் தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்குப் போனவர். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவருக்கு முன்னாலேயே எத்தனையோ பேர் அந்த வேலைக்குப் போயிருந்தார்கள். ஊர்க்காரர்கள் பதினாலு பேருக்கு ஒரே ரூம். அன்றைக்குச் சங்கம் என்பது அந்த ரூமும் ஒரு தகரப் பெட்டியும்தான். சம்பளத்தன்று ஆளுக்கு ஒரு ரூபாய் பெட்டியில் விழும். 1966-இல் சிவசேனை தொடங்கி, தென்னாட்டவர் கடைகளை அடித்த காலத்தில் ரூமே சேர்ந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்து திரும்புமாம். 1974-இல் தாத்தா அங்கே இறந்தபோது ஆச்சியையும் என்னையும் வரவழைத்து, காரியம் முடித்து ரயிலேற்றிவிட்டதும் அந்தப் பெட்டிக் காசுதான். எனக்கு அப்போது எட்டு வயது.

அதே வருஷம் ஊர் வரி நோட்டில் தாத்தா பேரை அடித்தார்கள். ஆம்பளை இல்லாத வீடு, பாவம் என்று இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள். ஆச்சி பீடி சுற்றிச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்து கொண்டுபோனாள், வாங்கவில்லை. கொடை முடிந்த மறுநாள் வரிக்காரர் வீடுகளுக்குத் தேங்காய் பழம் போகும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். நம் வாசலைத் தாண்டிப் போய்விடும். ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் அம்மன் கதை கேட்டு அழுத சனம்தான் அது. நான் சம்பாதிக்கத் தொடங்கும்வரை பத்து வருஷம் இப்படி.

இன்று காலை இங்கே வரி பிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லி, உன் பேரில் வரி வாங்கச் சொன்னேன். "கட்டிக்கொடுத்த பிள்ளை மாப்பிள்ளை ஊருக்கல்லவா கட்டணும்" என்றார் ஒரு பெரியவர். அங்கேயும் அவள் பேரில் வாங்குவதில்லையே என்றேன். பதில் இல்லை. கொடைப் பணத்தில் பாதி பம்பாயிலிருந்து வருகிறது; அந்தச் சங்கம் ஒத்துக்கொண்டால் இங்கும் எழுதலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார்கள்.

அதனால் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போ. வேலைக்குப் போகிற மற்றப் பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொள். ஆச்சி கதையைச் சொல். நன்கொடை என்று எழுதினால் ரசீதை வாங்காதே.

சித்திரை கடைசிச் செவ்வாய் கொடை. தாதர் வண்டியில் இரண்டு ராத்திரி ஆகும், இப்போதே டிக்கெட் போடு. கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டன்று வரி நோட்டை எடுத்து வருவார்கள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா