அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, எல்லாருக்கும் நன்றி

அப்பா நேத்து சாயங்காலம் வியாசர்பாடி வீட்டுக்கு வந்துட்டாரு, ரசம் சாதம் கொஞ்சமா சாப்ட்டாரு, வலி இல்ல. குடலுக்கு போற ரத்தக்குழாய் உள்ள கிழிஞ்சு அவர ஜிஎச்ல சேத்திருந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், அதனால திரும்ப முதல்லேந்து எழுதல.

ஜிஎச்ல நைட் டியூட்டி பாத்த அந்த ரேடியாலஜி (ஸ்கேன் படம் பாத்து ரிப்போர்ட் எழுதற துறை) பிஜி டாக்டரம்மாவுக்கு தான் முதல் நன்றி. பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. சிடி ஆஞ்சியோன்னு ரத்தக்குழாய பாக்கற ஸ்கேன் ரிப்போர்ட்ல அந்த கிழிசல எஸ்எம்ஏ டிசெக்‌ஷன்னு போட்டிருந்தத பாத்ததும் எனக்கும் தம்பிக்கும் கையும் ஓடல காலும் ஓடல. பெரிய டாக்டர் வந்து இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம் ஸ்டென்ட்டும் வேணாம், வாய்ல எதுவும் குடுக்காதீங்க, ட்ரிப்ஸ் போட்டு பிபிய கண்ட்ரோல்ல வெச்சு பாப்போம்னு சொல்லிட்டு போனாரு. பாப்போம்னா என்ன அர்த்தம், கைவிட்டுட்டாங்களான்னு அம்மா ஒரே அழுகை. எங்கள தாண்டி போன டாக்டரம்மா அத கேட்டு நின்னு, பெஞ்சுல அம்மா பக்கத்துலயே உக்காந்து, ஸ்கேன் கவர் பின்னாடி பேனாவால படம் போட ஆரம்பிச்சாங்க.

குடலுக்கு ரத்தம் கொண்டு போற குழாயோட உள்சுவர் கிழிஞ்சு, ரத்தம் சுவருக்குள்ளயே ஒரு பொய்வழி பண்ணிக்கிச்சு. அது நிஜ வழிய நெருக்கிட்டா குடலுக்கு ரத்தம் பத்தாது, பயம் அதுதான். அதனால படத்துல நிஜ வழி எவ்ளோ நெருங்கிருக்கு, கிழிசல் எவ்ளோ நீளம், கிளைங்க வரைக்கும் போயிருக்கா, ஸ்கேனுக்காக ரத்தத்துல ஏத்தின மருந்து குடல் சுவர் வரைக்கும் வந்து வெளிச்சமா தெரியுதான்னு எல்லாம் பாப்பாங்களாம். 2007ல ஜப்பான்ல சகாமோட்டோன்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் படத்த வெச்சே இத 4 வகையா பிரிச்சிருக்காங்க. பொய்வழி கீழ போய் நிஜ வழியில திரும்ப சேந்தா முதல் வகை, சேராம முட்டுச்சந்து மாதிரி நின்னுட்டா ரெண்டாவது, மத்த ரெண்டுலயும் பொய்வழியில ரத்தம் உறைஞ்சிருக்கும். அப்பாவுக்கு முதல் வகை, நிஜ வழி திறந்திருக்கு, குடலுக்கு ரத்தம் போய்ட்டு இருக்கு.

"அதனாலதான்மா வெயிட் பண்றோம், கைவிடல. ஆனா படம் மட்டும் வெச்சு சொல்லிட முடியாது, வலி கூடுனாலோ வயிறு விறைச்சாலோ எந்நேரமா இருந்தாலும் உடனே சிஸ்டர கூப்டுங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் அம்மா அழல. அவங்களுக்கு செய்ய ஒரு வேலை கெடச்சிடுச்சு, ராத்திரி பூரா அப்பா வயித்த தொட்டு பாத்துட்டே இருந்தாங்க. ரிப்போர்ட் எழுதி அனுப்புறதோட டாக்டரம்மா வேலை முடிஞ்சிடுச்சு, வெளிய உக்காந்திருக்கற எங்களுக்கு சொல்லணும்னு யாரும் அவங்கள கேக்கல. இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

வார்டு சிஸ்டருங்க, பாய விரிச்சு குடுத்த பக்கத்து பெட்ல இருந்த பாய், சென்ட்ரல் வாசல்லேந்து காசே வாங்காம எங்கள கொண்டுவந்து விட்ட ஆட்டோ அண்ணன், கஞ்சி அனுப்பின அத்தை, எனக்காக ஷிஃப்ட் பாத்த ஆபீஸ் பொண்ணுங்க, எல்லாருக்கும் மனசார நன்றி.

பொய்வழி போகப்போக சுருங்கலாம் வீங்கவும் வீங்கலாம், அதனால திரும்ப சிடி எடுக்கணும், அதுக்கு முன்னாடி கிட்னி எப்டி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பாக்கணும். ஒரு தேதி கூட தவற விடமாட்டோம், பிபி மாத்திரை என் பொறுப்பு. சிகரெட்ட விட்டுட்டேன்னு அம்மா தலையில அடிச்சு அப்பா சத்தியம் பண்ணிருக்காரு. தெருமுனை பெட்டிக்கடை அண்ணே, அவரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க, உங்களுக்கும் இப்பவே நன்றி சொல்லிடறேன்.