கொடைக்கானல் மீனையும் பாசியையும் சோதித்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பற்றி எழுதுகிறேன், பழைய கதை என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் பிடிபட்டது, அந்த ஆண்டே ஆலையை மூடினார்கள், 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண்ணில் கலந்தது இங்கேயே தங்கிவிட்டது. அதைச் சுத்தம் செய்ய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற இலக்கு, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பது. கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கு 6.6 தான்.

அந்த எண்ணைவிட, அது யாருக்காகப் போட்ட கணக்கு என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த நிலத்தில் மனிதர் குடியிருந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வைத்த அளவு அது. சரி, ஆலையை ஒட்டிச் சரிவில் கிடக்கும் பாம்பாறு சோலையில் குடியிருப்பவை பாசியும் தவளையும் மீனும்தானே? மழையில் அரித்துப் போகும் மண் ஓடையில் இறங்கி, பாம்பாறு வழியே கும்பக்கரை அருவிக்கும் அப்புறம் வைகைக்கும்தான் போயாக வேண்டும்.

பாதரசம் சேற்றில் படிந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அது நீர்ப்பாசியில் ஏறி, அதைத் தின்னும் பூச்சியில் கூடி, சிறு மீனில் இன்னும் கூடி, பெரிய மீனுக்கும் அதைப் பிடிக்கும் மீன்கொத்திக்கும் போய்ச் சேரும்போது தண்ணீரில் இருந்ததைப் போலப் பல ஆயிரம் மடங்காகிவிடும். அதனால் தண்ணீரை மட்டும் சோதித்து 'அளவுக்குள் இருக்கிறது' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2006-லேயே கட்டுரையாக வெளியிட்டார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசத்தால் மனிதர்களுக்கு வந்த நோய் 1956-ல் அரசின் கவனத்துக்கு வருவதற்கு முன்பே, மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்துக்கொண்டிருந்தன, அதை யாரும் ஆபத்தாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வாரியத்திடம் நான் கேட்பது இதுதான்: ஏரியிலும் பாம்பாற்றிலும் மீன், அடிச்சேறு, சோலை மரத்துப் பாசி ஆகியவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவைத் தமிழில் ஏரிக்கரையிலும் கும்பக்கரையிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியகுளம் வாசகர் ஒருவர்