திருப்பலியில் மீண்டும் பலியா?

ஆசிரியருக்கு,

திருப்பலி, அதாவது அப்பமும் திராட்சை இரசமும் ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்க வழிபாடு, ஒரு விருந்துதான் என்றும், ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் கிறிஸ்து மறுபடி பலியிடப்படுவதாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள் என்றும் உங்கள் கட்டுரை சொல்கிறது. திருச்சபை அப்படிப் போதிப்பதே இல்லை. கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாக ஒப்புக்கொடுத்தார் என்கிறது புதிய ஏற்பாட்டின் எபிரேயர் திருமுகம். 1562-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியதும் இதைத்தான்: கல்வாரிக் குன்றில் சிலுவையில் தம்மைக் கையளித்தவரே பீடத்தில் குருவின் வழியாக ஒப்புக்கொடுக்கிறார், பலிப்பொருளும் அவரே. முறைதான் வேறு, இங்கே இரத்தம் சிந்துவதில்லை.

காணிக்கையின்போது கிண்ணத்துத் திராட்சை இரசத்தில் குரு சிறிது தண்ணீர் சேர்ப்பார். நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை (கண் கடிகாரத்தில் இருக்கும்!). சேர்ந்த தண்ணீரை இனிப் பிரிக்க முடியாது. நம் உழைப்பும் வேதனையும் கிறிஸ்துவின் பலியோடு கலப்பது அப்படித்தான். சற்று நேரத்தில், இது என் பலி மட்டுமல்ல, உங்களுடையதும்தான் என்று சொல்லி குரு நம்மை மன்றாட அழைக்கிறார். மக்கள் வாய்மூடிய பார்வையாளர்களாக இருக்கக் கூடாது என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வலியுறுத்தியதும் இதனால்தான்.

திருப்பலி விருந்து என்பதை நான் மறுக்கவில்லை. இறுதி இராவுணவில்தானே எல்லாம் தொடங்கியது. ஆனால் அந்தப் பந்தியிலேயே அவர் அப்பத்தை எடுத்து, உங்களுக்காகக் கொடுக்கப்படும் உடல் என்றாரே, அதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்?

- ஒரு வாசகர்