இருநூறு ரூபாயில் நிற்கும் மத்திய அரசின் பங்கு

ஆசிரியருக்கு வணக்கம். முதியோர் உதவித்தொகை குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். 2023 ஆகஸ்டில் தமிழக அரசு இத்தொகையை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது நல்லதுதான். ஆனால் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு பல ஆண்டுகளாக மாதம் வெறும் 200 ரூபாய்தான். 80 வயதைத் தொட்டால் 500. இத்தனை ஆண்டுகளில் அரிசி, மருந்து, பேருந்துக் கட்டணம் எதுவும் அதே விலையில் நிற்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். விலைவாசி ஏறினால் எனக்கு அகவிலைப்படி ஏறுகிறது. நானாகக் கேட்க வேண்டியதுகூட இல்லை. எங்கள் தெருவில் உதவித்தொகை வாங்கும் மூதாட்டிக்கோ அந்த வழி கிடையாது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், சரி. அங்கே போய்வர ஆட்டோவுக்கே அந்த 200 ரூபாய் கரைந்துவிடுகிறது. வீடு கட்டும் இடங்களில் சித்தாளாக உழைத்து ஓய்ந்தவர் அவர். விலைவாசி எங்கள் இருவருக்கும் ஒன்றுதானே? மத்திய அரசு தன் பங்கை உயர்த்துவதோடு, அகவிலைப்படியைப் போலவே அதையும் விலைவாசி மாற்றத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டுடன் இணைத்து, ஆண்டுதோறும் தானாகத் திருத்தம் பெறும்படி விதி செய்யலாம்.

- ஓய்வூதியர் ஒருவர், திருச்சி