குஞ்சு விற்பவர்களுக்கு: தாய் தகப்பன் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்

பொரிப்பகம் நடத்துவோருக்கும் குஞ்சு வாங்கி விற்போருக்கும் வணக்கம்.

வீட்டுப் புறக்கடையில் நாலைந்து கோழி வளர்க்கிற ஆட்களில் நானும் ஒருவன். போன முறை ஆறு கறுப்புக் குஞ்சு வாங்கினேன். "எல்லாம் பெட்டை, ஆஸ்ட்ரலார்ப் இனம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது வாரம் ஒன்று விடியற்காலையில் தொண்டையைச் செருமிப் பார்த்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் இன்னும் மூன்று சேர்ந்துகொண்டன. ஆக நாலு சேவல், இரண்டு பெட்டை.

சரி, இனமாவது சரியா என்று தூக்கி உள்ளங்காலைப் பார்த்தேன். மஞ்சள். ஆஸ்ட்ரலார்ப்பின் உள்ளங்கால் வெளிறிய வெள்ளையாக, கொஞ்சம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். மஞ்சள் உள்ளங்கால் என்றால் ஜெர்சி ஜெயண்ட் என்ற இன்னொரு கறுப்பு இனமாக இருக்கலாம், ஏதாவது கலப்பாகவும் இருக்கலாம். ஒரு பக்கமாவது தூய ஆஸ்ட்ரலார்ப் இருந்திருந்தால்கூட முதல் தலைமுறையில் மஞ்சள் வந்திருக்காது, ஏனென்றால் கலப்பில் மஞ்சள் தோலை மீறி வெள்ளைத் தோல்தான் ஓங்கும்.

யாரும் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. சேவல், பெட்டை என்று பிரிக்காத குஞ்சைப் பிரித்த குஞ்சு என்று நம்பி விற்றிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆறு குஞ்சு எடுத்தால், அதில் நாலோ அதற்கு மேலோ சேவலாக இருக்க 64-க்கு 22 வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு முறை. எனக்கு நடந்தது அதிசயமே இல்லை.

குஞ்சு எங்கள் கைக்கு வந்த பிறகு எங்களால் கண்டுபிடிக்க முடிவது மிகக் குறைவு. கண்டுபிடிக்கத் தேவையான செய்தி முழுவதும் உங்களிடம்தான் இருக்கிறது, அதுவும் முதல் இரண்டு மூன்று நாளைக்குள். எச்சத்துளையை விரித்து உள்ளே இருக்கும் சிறு மேட்டைப் பார்த்துப் பிரிக்கிற முறையை 1920-களில் ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்தார்கள். நீண்ட பயிற்சி வேண்டும், தப்பாக அழுத்தினால் குஞ்சின் குடல் போய்விடும். நாங்கள் வீட்டில் முயலக்கூடாத வேலை அது.

இறக்கையைப் பார்ப்பது சுலபம் என்று எல்லோரும் விரித்து விரித்துப் பார்க்கிறார்கள். வெளி இறகு நீண்டும் அதை மூடும் சிற்றிறகு குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் சமமாக இருந்தால் சேவல் என்கிறார்கள். இறகு மெதுவாக முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் தகப்பனையும் வேண்டுமென்றே சேர்த்த குஞ்சில்தான் இது பலிக்கும். மற்றக் குஞ்சுகளில் இறக்கை ஒன்றும் சொல்லாது.

தலைப் பொட்டின் கதை இன்னும் வேடிக்கை. கோழியினத்தில் சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்கள் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆகவே தாயின் இசட் மகனுக்கு மட்டும் போகும். மகளுக்குக் கிடைப்பது தகப்பனின் இசட். உடம்பில் வரி போடும் மரபணு அந்த இசட்டில்தான் இருக்கிறது, கறுப்புக் குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு வைப்பதும் அதுதான். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரி போட்ட பார்டு ராக் பெட்டையையும் சேர்த்தால், தலையில் வெள்ளைப் பொட்டோடு வருவது சேவல், முழுக்கறுப்பு பெட்டை. பொரித்த அன்றே குழந்தைகூடப் பிரித்துவிடும். அதே இரண்டு இனத்தை இடம் மாற்றி, பார்டு ராக்கைச் சேவலாக வைத்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்துவிடும், பொட்டைக் கொண்டு பிரிக்க வழியே இல்லை. தூய பார்டு ராக்கிலும் இரு பாலுக்கும் பொட்டு உண்டு. சேவலுக்குப் பெரிதாகக் கலைந்திருக்கும், பெட்டைக்குச் சிறிதாகத் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் பொட்டு வைத்த ஒரு கறுப்புக் குஞ்சைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அதன் தகப்பன் யார், தாய் யார் என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

பிறகு நாங்கள் நம்பியிருப்பது கொண்டையை. ஒரே இனம், ஒரே வயது என்றால் ஐந்தாறு வாரத்தில் ஒற்றைக்கொண்டைச் சேவலின் கொண்டை பருத்துச் சிவந்து காட்டிக்கொடுக்கும். பட்டாணிக்கொண்டை, ரோஜாக்கொண்டை இனங்களில் அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. மூன்று மாதம் ஆகும்போது சேவலின் பிடரியிலும் இடுப்பிலும் கூரான இறகு முளைக்கும். அதிலும் செப்ரைட் இனச் சேவல் பெட்டை மாதிரியே உருண்டை இறகு போட்டுக்கொண்டு நிற்கும். சில்கி இனத்தைக் கேட்கவே வேண்டாம், கூவுகிற வரை அல்லது முட்டையிடுகிற வரை ஊகம்தான். (நூலில் ஊசி கட்டி முட்டைமேல் ஆட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பாதி முறை சரியாக வரும். நாணயத்தைச் சுண்டினாலும் அப்படித்தான்.)

இனத்துக்கும் இதே நிலைதான். ஐந்து விரல், காலில் இறகு, தோலின் நிறம் என்று சில அடையாளங்களைக் கொண்டு இது டார்க்கிங் இல்லை, இது பிரம்மா இல்லை என்று தள்ள முடியும். இன்ன இனம் என்று உறுதி சொல்ல முடியாது. நீல முட்டைக்காக அமெராகானா என்று வாங்கியது பெரும்பாலும் கலப்பாக இருக்கிறது. கலப்பு என்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகவே முட்டையிடும். கலப்பு என்று சொல்லி விற்றால் போதும்.

நான் கேட்பது பெட்டியின்மேல் இரண்டு வரி: சேவல் எந்த இனம், பெட்டை எந்த இனம், பொரித்த நாள், எந்த முறையில் பிரித்தீர்கள். பிரிக்கவில்லை என்றால் "பிரிக்காதது" என்றே எழுதுங்கள், அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று உறுதி தருபவர்கள், பத்துக் குஞ்சு வாங்குபவரிடம் பத்தும் பெட்டையாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 35 தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்போது அவர் வீட்டுக்குப் போகும்போதே ஒரு சேவலுக்கு இடம் யோசித்து வைப்பார். முட்டைக்கென்று வெடைக்கோழி எதிர்பார்த்தவருக்கு நாலு மாதம் கழித்து அந்த யோசனை வருவதுதான் கஷ்டம். அக்கம்பக்கத்துக்குத் தூக்கம் கெட்டிருக்கும், வீட்டுப் பிள்ளைகள் பெயரும் வைத்திருப்பார்கள்.

என் நாலு சேவலில் மூன்றுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. நாலாவது இதை எழுதும்போதும் மதில்மேல் நின்று கத்துகிறது. அடுத்த முறை குஞ்சு வாங்க வரும்போது விலையைக் கேட்பதற்கு முன் தகப்பன் யார் என்றுதான் கேட்பேன்.

இப்படிக்கு,
புறக்கடையில் கோழி வளர்க்கும் ஒருவன்