இத்துடன் வைத்திருக்கும் துண்டு

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறோம்.

வாடை பிடித்துவிட்டது தம்பி. திருக்கடலூரில் போட்டுகளை எல்லாம் மேட்டில் இழுத்து வைத்துவிட்டார்கள். கடல் சேற்று நிறத்தில் கிடக்கிறது. போட்டு கரையேறினால் எனக்கு வேலை கூடும் என்பது உனக்குத் தெரியும். கடையில் இப்போது ஏழு எஞ்சின்கள் திறந்தபடி கிடக்கின்றன. மழை விடாததால் கோட்டை மான்கள் பஸ் நிலையப் பக்கம் வந்து ஒதுங்கி நிற்கின்றன. அம்மாவுக்குச் சீனி இந்த மாதம் இறங்கியிருக்கிறது. அக்காவின் மகள் உன் ஒன்பதாம் இலக்கச் சட்டையைக் கணுக்கால் வரை தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறாள், தோய்க்கக் கேட்டாலும் கழற்றித் தருவதில்லை. பெரியம்மா அந்தக் காணி விஷயத்துக்குப் பிறகு இன்னும் எங்களோடு கதைக்கவில்லை. அதை நினைத்து நீ மனதைக் குழப்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நித்திரையைக் குறைக்காதே. உடம்பைச் சூடாக்காமல் பந்தைத் தொடாதே. முழங்காலைக் கவனி.

நீ அனுப்பிய காசில் கூரையின் பின்பக்கம் முழுவதும் புதுத் தகரம் போட்டாயிற்று. இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, "மகன் போட்டது" என்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் இரவில் மழை அடிக்கும்போது படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். ஏகாம்பரம் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளை வெளிநாட்டில் பந்தடித்துச் சம்பாதித்து எங்கள் தலைக்கு மேலே கூரை போட்டிருக்கிறான். எத்தனை தகப்பன்மாருக்கு இது கிடைக்கும்?

ஆனால் தம்பி, காசு அடுத்த மாதம் வராவிட்டாலும் இந்த வீட்டில் அடுப்பு எரியும். அதற்கடுத்த மாதம் வராவிட்டாலும் எரியும். இதை நீ நம்ப வேண்டும்.

இப்போதெல்லாம் போன் எடுத்தால் "சுகம் அப்பா, பயிற்சிக்குப் போகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆறு வாரமாக அதே வசனம். முன்பெல்லாம் ஒரு கோல் அடித்தால் அரைமணி நேரம் சொல்வாய். பின்வரிசைக்காரன் எந்தப் பக்கம் சாய்ந்தான், நீ எப்படி முதலில் தூரக் கம்பத்துக்கு ஓடுவதுபோல் ஓடிக் கிட்டக் கம்பத்துக்கு வெட்டினாய் என்று. கோல் அடிக்காத நாளில் அதைவிட அதிகமாகச் சொல்வாய். நாற்பது வருடமாக எஞ்சின் சத்தம் கேட்ட காது இது. ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் மூடியைக் கழற்றுமுன்பே எனக்குத் தெரிந்துவிடும். இருந்தும் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டிவரும். உன்னைப் பொய் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை.

வேறொன்று சொல்கிறேன். 2002 உலகக் கிண்ண இறுதியாட்டம் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு நான்கு வயது. சமாதானம் வந்திருந்த வருடம். சின்ன மாமா வீட்டில் ஜன்னல் கம்பியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். நீ என் தோளில் இருந்தாய். ஜெர்மனிக்கு எதிராக பிரேசிலின் ரொனால்டோ இரண்டு கோல் அடித்தார். மறுநாள் நீ அவரைப்போல நெற்றிக்கு மேலே மட்டும் முடி விட்டு வெட்டச் சொல்லி அழுது, அம்மா அகப்பையைத் தூக்கியது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் அதற்கு முன்பு பட்ட பாட்டை நான் உனக்குச் சரியாகச் சொல்லித் தரவில்லை. 1999 நவம்பரில் அவருடைய முழங்கால் போனது. சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஐந்து மாதத்தில், 2000 ஏப்ரலில், ரோமில் ஓர் இறுதியாட்டத்துக்கு இறங்கினார். மைதானத்தில் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. யாரும் தொடாமலே அதே முழங்கால் மறுபடி போனது. பிறகு அடுத்த பருவம் முழுவதும் அவர் விளையாடவில்லை. அப்படிப் பொறுத்து வந்துதான் அந்த உலகக் கிண்ணத்தில் எட்டுக் கோல் அடித்தார். அவசரப்பட்டு வந்தபோது கிடைத்தது அந்தச் சில நிமிடம்தான்.

நெதர்லாந்தின் முன்வரிசைக்காரர் வான் பாஸ்டனை உனக்குப் பெயரளவில் தெரியும். எனக்கு அவர்தான் எல்லாம். கணுக்கால் அவரை 28 வயதில் நிறுத்தியது. 1993 மே மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு போட்டியும் ஆடவில்லை. திரும்பி வருவார் என்று இரண்டு வருடம் காத்திருந்தார்கள், வரவில்லை. ஆர்ஜென்டினாவின் பட்டிஸ்டுட்டா ஓய்வு பெற்ற பிறகு கணுக்கால் வலி தாங்காமல் காலையே வெட்டிவிடும்படி வைத்தியரிடம் கேட்டதாக அவர் வாயாலேயே சொன்னார். ஒரு காலத்தில் கோல் காப்பாளர்கள் அவருடைய அடிக்கு முன்னால் கையை நீட்டவே பயந்தார்கள். உனக்கு இப்போது 27. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்பது உனக்கு விளங்கும்.

சரி, எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை உன் போட்டியின் வீடியோவைத் தன் போனில் காட்டினான். இரண்டாம் பாதியில் இடப்பக்கத்திலிருந்து வந்த பந்துக்கு நீ எழும்பினாய். நல்ல எழும்பல். இடது காலில் தனியே இறங்கினாய். விழவில்லை. இரண்டு அடி வைத்தாய், மூன்றாவது அடியில் பயிற்றுநர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகு வந்த எந்தப் போட்டியின் பட்டியலிலும் உன் பெயர் இல்லை. அந்தப் பிள்ளையை அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னேன். அவன் களைத்துப்போய் போனை என்னிடமே தந்துவிட்டுப் போய்விட்டான்.

எங்களுக்குச் சொல்லக்கூடாது என்று ஏன் நினைத்தாய்? அம்மாவுக்குச் சீனி ஏறும் என்றா? எனக்குச் சொல்லியிருக்கலாமே. யாரோ ஒரு பிள்ளையின் போனில் பார்த்தா நான் அறிய வேண்டும்? இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற பிழைப்பு உன்னுடையது. கோல் காப்பாளன் பிழை விட்டாலும் அடுத்த வாரம் நிற்பான். முன்னுக்கு நிற்கிறவன் மூன்று போட்டியில் கோல் போடாவிட்டால் வேறொருவனைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு கடைசிப் போட்டிகளில் இறங்கினால் ஒப்பந்தம் நீளும் என்று யாராவது உனக்குச் சொல்லியிருக்கக்கூடும், அல்லது நீயே யோசித்திருக்கக்கூடும். செய்யாதே தம்பி. ஊசி வலியை மறைக்கும், கிழிந்ததை ஒட்டாது. உள்ளே சிலுவைத் தசைநார் அறுந்திருந்தால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்று இங்கே ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை செய்கிற பிள்ளை சொன்னாள். அதற்கு முன் இறங்குகிறவர்களுக்கு மறுபடி போகிற ஆபத்து மிகவும் கூட என்றாள். அவளிடம் உன் பெயரைச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்காமல் இறங்காதே. ஊசி போட விடாதே.

இலங்கை சர்வதேசப் போட்டிகளிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருந்த 2023இல், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, நீ ஒவ்வொரு காலையும் தனியே ஓடினாய். யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் ஓடினாய். பொறுக்கத் தெரிந்த பிள்ளை நீ. பொறுக்கத் தெரியாதவன் நான்தான்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிக் கிழித்தேன். இனி எழுதப்போவதை எழுத முடியாமல்தான் கிழித்தேன்.

2014. பாடசாலை இறுதியாட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, பயிற்சியில் இடது முழங்கால் திரும்பி நீ நொண்டிக்கொண்டு வந்தாய். உன்னைத் தனியார் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். உன்னை வெளியே மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு அவர் என்னிடம் தனியே சொன்னார்: உள்பக்கத் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது. துண்டில் எழுதியும் தந்தார். நான் வெளியே வந்து "சுளுக்குத்தான், இரண்டு நாளில் போய்விடும்" என்று உனக்குச் சொன்னேன். அம்மாவுக்கும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை வலி மாத்திரை தந்து, என் கையாலேயே உன் காலுக்குக் கட்டுப் போட்டேன். கொழும்பிலிருந்து ஆள் தெரிவுக்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ மக்கெய்சர் மைதானத்தில் இரண்டு கோல் அடித்தாய். இரண்டாவது தலையால். இடது காலில் இறங்கினாய். இறங்கியதும் சனத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாய். உன் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அப்பா, நிறுத்தட்டுமா?" என்று கேட்கிற முகம் அது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

அன்றைக்குத்தான் உன்னைத் தெரிவு செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த இரண்டு கோலால் நடந்தது. ஊரில் எல்லோரும் "தகப்பன்தான் ஆக்கிவிட்டான்" என்றபோது நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு 22 வயதில், 1990 ஜூனில், மாவட்ட அணிக்குப் பெயர் வந்து இரண்டு வாரத்தில் சண்டை தொடங்கியது. பூட்ஸை வீட்டில் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை. இதை எனக்காகப் பேசும் நியாயமாக எழுதவில்லை. என் கால் ஓடாமல் விட்ட தூரத்தை உன் கால் ஓடட்டும் என்று நினைத்தேன், அந்தக் கால் நோகிறது என்று தெரிந்தும் நினைத்தேன். அந்த வீடியோவில் நீ திரும்பிப் பார்த்ததைக் கண்டபோது, மக்கெய்சர் மைதானத்தில் பார்த்த அதே முகத்தைத்தான் கண்டேன்.

வைத்தியர் தந்த துண்டை நான் எறியவில்லை. எஞ்சின் பற்றுச்சீட்டுகள் வைக்கிற பிஸ்கட் டின்னின் அடியில் பதினொரு வருடமாகக் கிடந்தது. மடிப்பில் எழுத்துக் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் வாசிக்கலாம். இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைப் பார்க்கிற வைத்தியரிடம் இதைக் காட்டு. அதே முழங்காலில் பழைய காயம் இருந்தது அவருக்குத் தெரிய வேண்டும். உனக்கே தெரியாததால் நீ சொல்லியிருக்க மாட்டாய்.

தபாலில் போட்டால் எப்போது கிடைக்குமோ. மாலைதீவுக்கு, மாலேக்கு வேலைக்குத் திரும்பும் பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். கருவாடும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் அவன் பையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா காளி கோயிலுக்குப் போய்விடுவாள், நான் கடையில் தனியே இருப்பேன். என்மேல் கோபமென்றால் கோபமாகவே கதை. ஆனால் எடு.

உன் அப்பா

அம்மாவுக்கு இந்தத் துண்டு விஷயம் இன்னும் தெரியாது. நானே சொல்வேன். நீ சொல்லாதே.