பேக்கலைட்டா என்றறியச் சூடான ஊசி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிளாஸ்டிக் நகைகளைச் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் மலிவாக விற்ற வளையல்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது ஏன் என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால், கையில் இருப்பது பேக்கலைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்தானா என்று அறிய ஊசியைப் பழுக்கக் காய்ச்சி நகையின் உட்புறத்தில் குத்திப் பார்க்கலாம் என்று அவர் கூறியிருப்பதை வெளியிடாமல் தவிர்த்திருக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு ஓர் அடிப்படை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. லியோ பேக்லண்ட் 1907-இல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியச் செய்து உருவாக்கிய பேக்கலைட்டும், பின்னர் அதே முறையை ஒட்டிப் பளிச்சென்ற நிறங்களில் வார்க்கப்பட்ட கேட்டலினும் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாதவை என்பதால், சூடான ஊசி அவற்றினுள் இறங்காது. (பேக்கலைட் என்று விற்கப்படும் வண்ண வளையல்களில் பெரும்பாலானவை உண்மையில் கேட்டலின் போன்ற வார்ப்புப் பிசின்களே.) இறங்காவிட்டாலும் ஊசி பட்ட இடத்தில் கருகிய வடு நிலைத்துவிடும். அதைப் பார்த்த எந்தச் சேகரிப்பாளரும் விலையைக் குறைத்தே கேட்பார்.

வடுவாவது அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும். சோதிக்கும் நகை செல்லுலாய்டாக இருந்துவிட்டால் நேரக்கூடியது தீ விபத்து. ஜான் வெஸ்லி ஹயட் 1870-இல் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு, செல்லுலோஸ் நைட்ரேட்டுடன் கற்பூரத்தைச் சேர்த்துச் செய்யப்பட்டது. திரையரங்குகளில் தீ விபத்துகளுக்குக் காரணமான பழைய படச்சுருள்களும் இதே வகைப் பொருளால் ஆனவைதாம். தந்தம் போலத் தோற்றமளிக்கும் பழைய வளையல்களிலும், சிறு கண்ணாடிக் கற்கள் பதித்த 1920-களின் வளையல்களிலும் செல்லுலாய்டு மிகுதி. நகை எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாததால்தானே சோதிக்கவே முற்படுகிறோம்?

ஆபத்தில்லாத வழிகள் இருக்கின்றன. கட்டைவிரலால் ஓரிடத்தைச் சூடேறும் வரை தேய்த்து முகர்ந்தால், பேக்கலைட்டிலும் கேட்டலினிலும் பெரும்பாலும் கார்பாலிக் சோப்பை நினைவூட்டும் வாடை எழும். கற்பூர வாடையை நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அது வந்தால் செல்லுலாய்டு என்று கொண்டு நெருப்பிலிருந்து விலக்கி வைத்துவிட வேண்டும். உலோகம் துலக்கும் பசையைத் துணியில் சிறிதளவு தொட்டு உட்புறத்தில் மெல்லத் தேய்த்தால், பழைய பேக்கலைட் எந்த நிறத்தில் இருந்தாலும் துணியில் மஞ்சள் கறை படியும். அளவுக்கு மீறி மெருகேற்றிய நகையில் இக்கறை வராமலும் போகலாம் என்பதால், ஒரே சோதனையை நம்பி முடிவுக்கு வரலாகாது. வெந்நீரில் முக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. ஒட்டிய கற்களும் கோத்த மணிகளும் கெட்டுவிடக்கூடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

நகைகள் அனைத்தையும் காற்றுப் புகாத பெட்டியில் ஒன்றாக வைக்கலாம் என்ற கட்டுரையாளரின் யோசனையும் செல்லுலாய்டுக்குப் பொருந்தாது. அது சிதையும்போது வெளிவிடும் அமில வாயு உள்ளேயே தங்கினால் சிதைவு விரைவுபடும். உலோகக் கீல்கள் அரிக்கும். அருகிலுள்ள நகைகளும் பாழாகும். வெடிப்போ பிசுபிசுப்போ தென்படும் செல்லுலாய்டு நகையை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைப்பதே முறை.

ஊசிச் சோதனையைக் கைவிடுமாறு கோரும் ஒரு சிறு திருத்தக் குறிப்பை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்